கஞ்சி குடித்த கப்பல்

எங்கள் ஊரில் கடல் கிடையாது. இராஜபாளையத்தில் நூற்பாலை இருக்கிறது, பேண்டேஜ் கம்பெனி இருக்கிறது, ரயில் இருக்கிறது. மேற்கே பார்த்தால் மலை இருக்கிறது. கடல் மட்டும் இல்லை. அதைப் பற்றி இங்கே யாரும் கவலைப்பட்டதாகத் தெரியவில்லை.

இருந்தாலும், போன டிசம்பரில் நான் ஒரு பாய்மரக் கப்பலில்தான் குடியிருந்தேன். காரணம் ரொம்பச் சாதாரணமானது. என் வீட்டுக் கூரையைப் பிரித்துப் போட்டுவிட்டு, கொத்தனார் ஊருக்குப் போய்விட்டார்.

அந்தக் கப்பல், கிறிஸ்துமஸ் பவனிக்காக எங்கள் சபைக்காரர்கள் செய்தது. பேண்டேஜ் கம்பெனியில் சும்மா கிடந்த நீல டிரம்களைப் படுக்க வைத்துக் கட்டி, மேலே பலகை அடித்து, நடுவில் சவுக்குக் கம்பு ஒன்றை நட்டோம். பாய்க்கு வெள்ளை வெளேரென்று பேண்டேஜ் துணி. கயிறும் பேண்டேஜ் துணியை முறுக்கித் திரித்ததுதான்.

எங்கள் பக்கம் எல்லாவற்றுக்கும் பேண்டேஜ் துணிதான். பால் வடிகட்டவும் அதுதான், இட்லித் தட்டில் விரிக்கவும் அதுதான், கொசு வராமல் தொட்டிலை மூடவும் அதுதான். கப்பலுக்குப் பாய் வேண்டும் என்றதும் வேறு துணி ஒருவர் மனதிலும் தோன்றவில்லை.

கப்பலின் முன்பக்கம் கதவளவுக்கு ஒரு பலகை. அதில் சிவப்பு எழுத்தில் 'அஞ்ச வேண்டாம்' என்று எழுதியிருந்தது.

நான்தான் கப்பல் தலைவன். தாடி ஒட்டிக்கொண்டு நின்றேன். சங்கிலிப்பாண்டியின் டிராக்டர் எங்களை இழுத்துக்கொண்டு கடைத்தெரு முழுவதும் சுற்றியது. வேகத்தடை வந்த இடங்களில் மட்டும் கடல் லேசாகக் கொந்தளித்தது.

பவனி முடிந்ததும் சங்கிலிப்பாண்டி கப்பலை என் வீட்டுக்குப் பின்னால், கண்மாய் ஓரத்தில் இறக்கி வைத்தான். "நாளைக்கு வந்து எடுத்துக்கிடுதேன் தாத்தா" என்றான். எந்த நாளைக்கு என்று நானும் கேட்கவில்லை.

அப்புறம்தான் கூரை போனது. நான் பானை, அரிசி, சின்ன கேஸ் அடுப்பு, குடை எல்லாவற்றையும் தூக்கிக்கொண்டு கப்பலில் குடியேறினேன்.

பக்கத்து வீட்டு ரெனிட்டா தினமும் கப்பலுக்கு வருவாள். ஐந்தாம் வகுப்பு. அரையாண்டு விடுமுறை. அவளோடு பஞ்சு என்ற வெள்ளை ஆடும் வரும். பஞ்சுவுக்கு வயிறு கப்பல் டிரம் மாதிரி இருந்தது. இன்றைக்கோ நாளைக்கோ குட்டி போட்டுவிடும் போல.

"கப்பல் அடுத்து எங்க போகுது தாத்தா?" என்று ரெனிட்டா கேட்பாள்.

"மடகாஸ்கர்."

"போன தடவை போனப்ப என்ன ஆச்சு?"

"பெரிய சுழல். கப்பல் பம்பரமாச் சுத்துது. குடைய விரிச்சு எதிர்ப்பக்கமாச் சுத்தினேன். நின்னுபோச்சு."

அவள் சிரிக்க மாட்டாள். தலையை மட்டும் ஆட்டுவாள். அப்படிக் கேட்கிற பிள்ளை கிடைப்பது கஷ்டம்.

அன்றைக்கு ஸ்ரீவில்லிபுத்தூரில் ஒரு கல்யாணம். விடிவதற்கு முன்பே தெருவே வேன் ஏறிப் போய்விட்டது. ரெனிட்டாவின் அப்பா எட்வினும் அம்மா கிருபாபாயும் போய்விட்டார்கள். பஞ்சுவைத் தனியாக விட்டுவிட்டு வர மாட்டேன் என்று ரெனிட்டா மட்டும் நின்றுகொண்டாள். "மாமா, பிள்ளையச் செத்த நேரம் பாத்துக்கோங்க" என்று கிருபாபாய் என்னிடம் சொல்லிவிட்டுப் போனாள். அந்த வேலையை நான் எவ்வளவு நன்றாகச் செய்தேன் என்பதைத்தான் இனிமேல் சொல்லப்போகிறேன்.

எங்கள் ஊரில் ஒரு சொட்டு மழை இல்லை. ஆனால் செண்பகத்தோப்புப் பக்கம் மலை கறுத்துக் கிடந்தது. அங்கே பெய்த மழை ஓடையில் இறங்கி, காலையிலேயே கண்மாய்க்குள் வந்துவிட்டது. நான் இன்னொரு தூக்கம் போட்டுக் கண் விழித்தபோது தண்ணீர் கப்பலின் அடியைத் தொட்டுக்கொண்டிருந்தது.

ரெனிட்டா ஓடி வந்தாள். கையில் அறுந்த கயிறு.

"தாத்தா, பஞ்சு அறுத்துக்கிட்டுப் போயிருச்சு. அந்தா, திட்டுல நிக்கி."

கண்மாய் நடுவில் ஒரு மண் திட்டு உண்டு. அதில் கருவேல மரங்கள். கருவேல நெற்று என்றால் பஞ்சுவுக்கு உயிர். தண்ணீர் வருவதற்கு முன்பே நடந்து போயிருக்கிறது. இப்போது சுற்றிலும் தண்ணீர். நடுவில் வெள்ளையாக ஒரு புள்ளி கத்திக்கொண்டு நின்றது.

"கண்மாய் நெறஞ்சா கலுங்குல தண்ணி வழிஞ்சு போயிரும்ல தாத்தா?"

"போயிரும்."

"அதுக்கு முன்னாடி திட்டு முங்கிருமா?"

கலுங்கில் தண்ணீர் வழியும் நாட்களில் அந்தத் திட்டில் மரங்களின் தலைதான் தெரியும். அது அவளுக்கும் தெரியும்.

என் போனில் சார்ஜ் இல்லை. விடிந்ததிலிருந்து கரண்ட்டும் இல்லை. தூரத்தில், எதிர்க்கரையில், மடையைத் திறந்து மூடும் பால்ச்சாமி நடந்து போய்க்கொண்டிருந்தார். இரண்டு பேரும் கையை ஆட்டிக் கத்தினோம். அவரும் மரியாதையாகக் கையைத் தூக்கி வணக்கம் போட்டுவிட்டு அந்தப் பக்கம் இறங்கிப் போய்விட்டார்.

ரெனிட்டா கப்பலைப் பார்த்தாள்.

"தாத்தா, ஒங்க கப்பல் மெதக்குமா?"

"என்ன கேள்வி கேக்க நீ. இதுல நான் கொழும்பு வரைக்கும்..."

"கொழும்பு வேண்டாம். திட்டு வரைக்கும் மெதக்குமா?"

இப்படி நேராகக் கேட்டால் கப்பல் தலைவன் என்ன சொல்வான்? தாடியைத் தடவினேன். தாடி ஒட்டுத்தாடி, பெட்டியில் இருந்தது.

"நீங்க சொல்றதுல பாதி பொய்யினு எனக்குத் தெரியும் தாத்தா. மீதிப் பாதி போதும், திட்டுக்குப் போயிட்டு வர."

அந்த மீதிப் பாதி எங்கே இருக்கிறது என்று நான் மனதுக்குள் தேடிப் பார்த்தேன்.

"நீங்க வரலைன்னா நான் நடந்து போறேன்" என்று அவள் பாவாடையைத் தூக்கிச் செருகினாள்.

அதுதான் எனக்குப் பயம். போன கோடையில் கண்மாய்க்குள் மண் அள்ளியிருந்தார்கள். எந்த இடத்தில் எவ்வளவு ஆழப் பள்ளம் என்று ஒருவருக்கும் தெரியாது. தண்ணீர் மேலே பார்க்கத் தட்டையாக, நல்லபிள்ளை மாதிரி கிடந்தது.

"ஏட்டி, தண்ணியில கால் வைக்காத. கப்பல்ல ஏறு."

வீட்டில் கிடந்த காலி எண்ணெய் கேன்களைப் பேண்டேஜ் கயிற்றால் அவள் இடுப்பில் கட்டினேன். எனக்கும் கட்டிக்கொண்டேன். நீளமான மூங்கில் கம்பு ஒன்றைத் தரையில் ஊன்றித் தள்ளினேன்.

கப்பல் நகர்ந்தது. சொன்னால் நம்ப மாட்டீர்கள், எல்லாரையும் விட அதிகமாக ஆச்சரியப்பட்டவன் நான்தான்.

கொஞ்ச தூரம் கம்பு தரையைத் தொட்டது. பிறகு ஓர் இடத்தில் ஊன்றினேன். கம்பு போனது. இன்னும் போனது. என் தோள் வரைக்கும் தண்ணீருக்குள் போனது. தரை வரவில்லை.

"பள்ளம்" என்றாள் ரெனிட்டா மெதுவாக.

"ஆழ்கடல்" என்றேன் நான். "பாயை இறக்கி விரி."

பாய் விரிந்தது. பார்க்க அழகாக இருந்தது. கிழக்கேயிருந்து காற்றும் அடித்தது. ஆனால் பாய் உப்பவே இல்லை. காற்று ஒரு பக்கம் நுழைந்து மறுபக்கம் வந்து என் முகத்தில் பட்டது. நல்ல குளிர்ந்த காற்று.

ரெனிட்டா துணியைத் தொட்டுப் பார்த்தாள். அதன் ஓட்டைகள் வழியாக அவள் கண் எனக்குத் தெரிந்தது.

"தாத்தா, இது சல்லடை மாதிரில்லா இருக்கு."

காயத்துக்குக் காற்றுப் போக வேண்டும் என்று நெய்த துணி. கப்பலுக்கும் அதையே செய்தது.

நல்லவேளை, ஓடையிலிருந்து வந்த தண்ணீர் திட்டைப் பார்த்து இழுத்துக்கொண்டிருந்தது. அது எங்களையும் இழுத்துக்கொண்டு போய், ஒரு கருவேல மரத்தில் இடித்து நிறுத்தியது. போவதற்குப் பாய் தேவைப்படவில்லை. திரும்பி வருவது பற்றி நாங்கள் இரண்டு பேருமே பேசிக்கொள்ளவில்லை.

கப்பலை மரத்தில் கட்டிவிட்டுத் தீவில் இறங்கினோம். கரையேறியதும் ரெனிட்டா செய்த முதல் காரியம், தண்ணீர் நிற்கும் விளிம்பில் ஒரு குச்சியை நட்டதுதான்.

"எதுக்குட்டி அது?"

"தண்ணி ஏறுதா, நிக்கான்னு பாக்க."

தீவைக் கால்நடையாகச் சுற்றிப் பார்த்தோம். அதற்கு வெகு நேரம் ஆகவில்லை. தெற்கே முள். வடக்கே முள். நடுவில் ஒற்றைப் பனை. பனையடியில் ஓர் உடும்பு உட்கார்ந்துகொண்டு, நீங்கள் யார் என்று கேட்பது போல எங்களை முறைத்தது. சொன்னேன். அதற்குப் பிறகு அது எங்களைக் கண்டுகொள்ளவில்லை. எறும்புகள் எல்லாம் ஒரே உருண்டையாகக் கட்டிக்கொண்டு மரத்தில் ஏறின. எலிகள் கிளையில் வரிசையாக உட்கார்ந்திருந்தன. வீடு முங்கியவர்கள் எல்லாரும் அந்தத் தீவில்தான் இருந்தார்கள்.

பஞ்சு ஒரு மரத்தடியில் படுத்திருந்தது. எழுந்தது. திரும்பவும் படுத்தது. ரெனிட்டாவைப் பார்த்து ஒரு கத்து கத்தியது. அது வழக்கமான கத்து இல்லை.

"தூக்கு. போயிருவோம்" என்றேன்.

ரெனிட்டா அதன் வயிற்றில் கை வைத்துப் பார்த்தாள். "இப்பத் தூக்கக் கூடாது தாத்தா. குட்டி வருது. தூக்கினா தாயும் குட்டியும் செத்துரும்."

"தண்ணி ஏறுது பாப்பா."

"தெரியும்."

நான் குச்சியைப் பார்த்தேன். அது இப்போது விளிம்பில் இல்லை. தண்ணீருக்குள் நின்றது.

ரெனிட்டா இன்னொரு குச்சியை மேலே தள்ளி நட்டாள். பஞ்சுவின் தலையைத் தன் மடியில் வைத்துக்கொண்டாள். அவள் முகத்தைப் பார்த்தால், அழலாமா வேண்டாமா என்று யோசிப்பது போல இருந்தது. வேண்டாம் என்று முடிவு செய்தாள்.

எனக்குக் கை சும்மா இருக்கவில்லை. பயம் வந்தால் எனக்குப் பசிக்கும். கப்பலில் அடுப்பைப் பற்ற வைத்துக் கொஞ்சம் அரிசியைப் போட்டுக் கஞ்சி காய்ச்சினேன். வெந்ததும் பாயின் ஓரத்தில் ஒரு துண்டு கிழித்து, அதில் கஞ்சியை வடிகட்டினேன். பிழிந்த துணியைக் கிளையில் போட்டேன்.

அப்போதுதான் ரெனிட்டாவின் குரல் கேட்டது. ரொம்பச் சன்னமான குரல்.

"தாத்தா. அசையாம அங்கேயே நில்லுங்க."

பஞ்சுவுக்குக் கொஞ்சம் தள்ளி, புதருக்கு அடியில், ஒரு நல்ல பாம்பு. தண்ணீர் துரத்திக்கொண்டு வர, அது மேட்டைப் பார்த்து ஊர்ந்து வந்திருக்கிறது. மேட்டில் மிச்சம் இருந்த நல்ல இடத்தில் பஞ்சு படுத்திருந்தது.

நான் மூங்கில் கம்பை மெதுவாக எடுத்தேன்.

"அடிக்காதீங்க. அடிச்சா பஞ்சு மேலதான் பாயும்."

"பொறவு என்ன செய்யச் சொல்லுத?"

"அதுக்கும் வீடு முங்கிருச்சுல்லா. அதுக்கு ஒரு எடம் வேணும். குடுத்தா போயிரும்." அவள் கண்ணை எடுக்காமலே சொன்னாள். "கப்பல் போர்டக் கழத்துங்க."

'அஞ்ச வேண்டாம்' பலகையைக் கழற்றினேன். என் கை கொஞ்சம் அஞ்சியது. பலகையில் ஒரு நீளக் கயிற்றைக் கட்டி மறுமுனையை மரத்தில் கட்டினேன். பிறகு கம்பால் பலகையை மெல்ல மெல்லத் தள்ளி, பாம்புக்குப் பக்கத்தில், தண்ணீர் ஓரமாகக் கொண்டுபோய் வைத்தேன். கம்பு நீளமாக இருந்ததற்காக அன்றைக்கு நன்றி சொன்னது போல நான் எதற்கும் சொன்னதில்லை.

பாம்பு படம் எடுத்தது. பஞ்சு முனகியது. ரெனிட்டா அதன் தலையை மடியோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டாள்.

தண்ணீர் ஏறிப் பாம்பின் வாலை நனைத்தது. பாம்பு படத்தை இறக்கியது. பலகையை மோந்து பார்த்தது. எழுத்தைப் படித்ததோ என்னவோ, மேலே ஏறி நடுவில் சுருண்டு படுத்துக்கொண்டது. பலகை மிதக்கத் தொடங்கியது.

அந்த நேரம் பார்த்துப் பஞ்சு உதைத்தது. முதல் குட்டி விழுந்தது.

குட்டி அசையவில்லை. மூக்கிலும் வாயிலும் சளி. ரெனிட்டா கையை நீட்டினாள். "துணி, துணி." பாயில் இன்னொரு கிழி கிழித்துக் கொடுத்தேன். அவள் மூக்கைத் துடைத்தாள், வாய்க்குள் விரல் விட்டு வழித்தாள், நெஞ்சைத் தேய்த்தாள். நான் பானையையும் மறந்து பார்த்துக்கொண்டு நின்றேன்.

குட்டி தும்மியது.

பிறகு இரண்டாவதும் வந்தது. அது வரும்போதே கத்திக்கொண்டு வந்தது. மருத்துவத் துணியில் துடைக்கப்பட்ட ஆட்டுக்குட்டிகள் உலகத்திலேயே இவை இரண்டும்தான் என்று நினைக்கிறேன்.

"தாத்தா, இப்பப் போலாம்" என்றாள் ரெனிட்டா.

போகலாம்தான். எப்படி? ஓடைத் தண்ணீர் எதிரே தள்ளுகிறது. கம்பு பள்ளத்தில் எட்டாது. பாய் சல்லடை. இரண்டாவது குச்சியும் முங்கிவிட்டது. பஞ்சு படுத்திருந்த இடத்துக்கும் தண்ணீருக்கும் நடுவில் என் செருப்பு வைக்கத்தான் இடம் இருந்தது.

பஞ்சுவையும் குட்டிகளையும் கப்பலில் ஏற்றினோம். எனக்கு இன்னும் பசித்தது. கஞ்சியை டம்ளரில் ஊற்றி வாய்க்குப் பக்கத்தில் கொண்டுபோனேன்.

"தாத்தா, குடிக்காதீங்க."

டம்ளர் அப்படியே நின்றது.

ரெனிட்டா கிளையில் நான் போட்டிருந்த துணியைப் பார்த்துக்கொண்டிருந்தாள். கஞ்சி வடிகட்டிய துணி. அது காய்ந்து அப்பளமாக விறைத்துப்போயிருந்தது. காற்று அடிக்கும்போதெல்லாம் கிளையோடு சேர்ந்து வளைந்தது. அதற்குள் காற்று நுழையவில்லை.

"அம்மா என் கோயில் பாவாடைக்குக் கஞ்சி போடுவாவ. ஞாயித்துக்கெழம அது போர்டு மாதிரி நிக்கும், உக்காரவே முடியாது" என்றாள் அவள். "பாய்க்கும் போடுவோம்."

நான் டம்ளரைப் பார்த்தேன். கஞ்சியில் ஆவி பறந்தது. உப்புக்கூடச் சரியாகப் போட்டிருந்தேன்.

"முழுசும் வேணுமா?"

"முழுசும் பத்தாது தாத்தா. இருக்கிற அரிசி அம்புட்டையும் போடுங்க."

போட்டேன். கண்மாய்த் தண்ணீரை அள்ளி ஊற்றிக் குழையக் குழைய வேகவைத்தேன். ரெனிட்டா பாயை இறக்கிக் கப்பல் தளத்தில் விரித்தாள். வெந்ததைக் கரண்டியால் மசித்து, இரண்டு பேரும் கையால் அள்ளி அள்ளித் தேய்த்தோம். சுட்டது. ஊதி ஊதித் தேய்த்தோம். பஞ்சு ஒரு பக்கம் நக்கிக்கொண்டே வந்தது. அதைத் தள்ளிவிடுவது தனி வேலையாக இருந்தது.

அதற்குள் தீவு முடிந்துபோனது. கப்பலைச் சுற்றித் தண்ணீர். உடும்பு பனையில் பாதி ஏறியிருந்தது. அதற்கு மேலும் ஏற நிறையப் பனை இருந்தது. எலிகளும் எறும்பும் உச்சிக் கிளைக்குப் போயிருந்தன. அந்த மரங்களின் தலை எந்த வெள்ளத்திலும் முங்கியதில்லை.

பாயை ஏற்றினோம். ஈரமாகத் தொங்கியது. காற்று வரவில்லை.

காத்திருந்தோம்.

பாயின் ஓரங்கள் காயத் தொடங்கின. அப்போது என் கழுத்தில் ஏதோ குளிர்ச்சியாக விழுந்தது. திரும்பிப் பார்த்தேன். கிழக்கே வானம் முழுவதும் சாம்பல் திரை. மழை. கண்மாயின் மேலே நடந்து எங்களைப் பார்த்து வந்துகொண்டிருந்தது.

"மழ பெஞ்சா கஞ்சி கரைஞ்சிருமே தாத்தா."

"கரையும்."

மழைக்கு முன்னால் காற்று வந்தது. 'டப்' என்று ஒரு சத்தம். பறை தட்டியது போல இருந்தது. பாய் வயிறு உப்பி நின்றது. சவுக்குக் கம்பு முனகியது. கப்பல் ஒரு குலுக்குக் குலுக்கிக் கட்டியிருந்த கயிற்றை இழுத்தது.

நான் கப்பல் கயிற்றை அவிழ்த்தேன். அடுத்து, பலகையைக் கட்டியிருந்த கயிறு. அதை அறுத்துவிடத்தான் கத்தியை எடுத்தேன்.

"அறுக்காதீங்க. நம்ம கப்பல்ல கட்டுங்க."

"ஏட்டி, அதுல யாரு உக்காந்திருக்கான்னு தெரியும்லா?"

"அது ஏற வந்த மேட்டுல நாம இருந்தோம். நாமதான போர்டுல ஏத்துனோம். பாதியில விடக் கூடாதுல்லா?"

கட்டினேன். இருக்கிறதிலேயே நீளமான கயிறாகப் பார்த்து இன்னொன்றையும் முடிச்சுப் போட்டு நீட்டினேன்.

அப்படியாக நாங்கள் புறப்பட்டோம். முன்னால் கரை. நடுவில் நான், ரெனிட்டா, ஆடு, இரண்டு குட்டிகள். பின்னால் பலகையில் நல்ல பாம்பு. அதற்கும் பின்னால் மழை.

கப்பல் பள்ளத்தின் மேலே வந்தது. தண்ணீர் எதிரே தள்ளியது. காற்று முன்னே தள்ளியது. கொஞ்ச நேரம் இரண்டும் சரிசமமாக நின்றன. கப்பல் அசையாமல் நடுங்கியது. ரெனிட்டா பாயின் கீழ்முனைக் கயிற்றைப் பிடித்துக்கொண்டு பின்னால் சாய்ந்தாள். அவள் கை சிவந்துவிட்டது. நான் பிடிக்கப் போனேன்.

"நீங்க பஞ்சுவப் பிடிங்க. அது பாயத் திங்கப் போகுது."

மெல்ல, ஒரு பனங்காய் உருளுகிற வேகத்தில், கப்பல் முன்னே போனது.

மழை எங்களைப் பிடித்தது. முதல் துளிகள் பாயில் பட்டன. கொஞ்ச நேரம் ஒன்றும் ஆகவில்லை. பிறகு என் தலையில் பிசுபிசுவென்று ஏதோ சொட்டியது. தொட்டுப் பார்த்தேன். கஞ்சி.

பாயில் ஓர் ஓட்டை திறந்தது. இன்னொன்று. காற்று அதன் வழியாக விசில் அடித்தது. கப்பல் சோர்ந்தது. கரையில் என் கூரையில்லாத வீடு தெளிவாகத் தெரிந்தது. அடுப்பங்கரை ஜன்னல்கூடத் தெரிந்தது.

"கம்பு, தாத்தா. இப்பக் கம்பு எட்டும்."

ஊன்றினேன். கம்பு போனது. இன்னும் போனது. நான் கண்ணை மூடிக்கொண்டேன்.

'தக்' என்று தரை தட்டியது.

அதற்குப் பிறகு நடந்தது கப்பல் ஓட்டம் இல்லை, மண் தள்ளுகிற வேலை. தள்ளித் தள்ளிக் கரையில் போய் முட்டி நின்றோம். ரெனிட்டா கயிற்றை விட்டுவிட்டு அப்படியே உட்கார்ந்தாள். ஒரு குட்டி அவள் விரலைச் சப்பிப் பார்த்தது. விரலில் கஞ்சி இருந்தது. இப்போதுதான் அவள் அழுதாள். கொஞ்சமாக. குட்டி சப்பி முடிக்கிற வரைக்கும்.

அதே நேரம் கல்யாண வேன் வந்து நின்றது. கிருபாபாய் பட்டுச் சேலையோடு இறங்கி ஓடி வந்தாள். மகளைப் பார்த்தாள், இடுப்பில் கட்டிய எண்ணெய் கேனைப் பார்த்தாள், கண்மாயைப் பார்த்தாள். கடைசியாக என்னைப் பார்த்தாள்.

"மாமா, செத்த நேரம் பாத்துக்கோங்கன்னுதான சொன்னேன்."

"பாத்துக்கிட்டேதாம்மா இருந்தேன். கண்ண எடுக்கவே இல்ல."

அவள் அதற்கு மேல் சொன்னதையெல்லாம் நான் இங்கே எழுதவில்லை. ரொம்ப நேரம் சொன்னாள். சொல்லிக்கொண்டே ரெனிட்டாவைப் பட்டுச் சேலையால் துடைத்தாள். எட்வின் பாயைத் தடவிப் பார்த்துவிட்டு விரலை மோந்தார். "கஞ்சியா?" என்றார். மகளைப் பார்த்தார். "நாங்க பேண்டேஜ் கம்பெனியில, நெய்யப் போட்ட கஞ்சியத் துணியிலிருந்து எடுக்கத்தான் நாள் பூரா வேக வைக்கோம்" என்றார்.

வேனுக்குப் பின்னால் டிராக்டரும் வந்து நின்றது. சங்கிலிப்பாண்டி. அவனுடைய 'நாளைக்கு' ஒருவழியாக வந்துவிட்டது.

"தாத்தா, கப்பல எடுக்க வந்தேன். ஆமா, முன்னாடி இருந்த போர்ட எங்க? சபையில கேப்பாவ."

"பின்னால வருது. கயித்தப் பிடிச்சு இழு" என்றேன்.

அவன் இழுத்தான். அவன் பலசாலி. பலகை வேகமாக வந்தது.

"அண்ணே, மெதுவா இழுங்க" என்றாள் ரெனிட்டா. "போர்டுல ஆள் இருக்கு."

சங்கிலிப்பாண்டி குனிந்து பார்த்தான். 'அஞ்ச வேண்டாம்' என்று படித்தான். படித்து முடித்ததும், 'வேண்டாம்' என்ற எழுத்தை ஒட்டிச் சுருண்டு கிடந்தது தலையைத் தூக்கி அவனைப் பார்த்தது. அவன் டிராக்டரை விட்டுவிட்டு செட்டியார்பட்டி வரைக்கும் ஓடினான் என்று சொல்கிறார்கள். நான் ரயில்வே கேட் வரைக்கும்தான் பார்த்தேன்.

"எல்லாரும் தள்ளி நில்லுங்க. அது எறங்கட்டும்" என்றாள் ரெனிட்டா.

கல்யாணத்துக்குப் போன பெரியவர்கள் அத்தனை பேரும் அந்தப் பிள்ளை சொன்னபடி தள்ளி நின்றார்கள். பாம்பு அவசரப்படவில்லை. கரையில் இறங்கி, யாருக்கும் ஒன்றும் சொல்லாமல், கள்ளிப் புதருக்குள் போய்விட்டது. கல்யாண வீட்டுப் பிரியாணியில் எனக்கு ஒரு பொட்டலம் வந்திருந்தது. அன்றைக்கு என் வீட்டில் ஒரு மணி அரிசி இல்லை என்பதால் அதை மறுக்கவில்லை.

குட்டிகளுக்குக் கஞ்சி என்றும் கப்பல் என்றும் ரெனிட்டா பேர் வைத்திருக்கிறாள். இரண்டும் நன்றாக இருக்கின்றன.

இதையெல்லாம் நம்பாதவர்களுக்குக் காட்டலாம் என்று அந்தப் பாயைப் பத்திரமாக மடித்து வைத்திருந்தேன். போன வாரம் அதைப் பஞ்சு தின்றுவிட்டது.